ஹாம்பர்க்கில் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான இரவு வாழ்வும் பயணமும்: முழுமையான வழிகாட்டி

ஜெர்மனிக்குப் பயணம் போக விரும்பும் தன்பாலீர்ப்பு ஆண்கள் பெரும்பாலும் பெர்லினை மட்டுமே மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். வடக்கே எல்பே ஆற்றங்கரையில் ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் வாழும் ஹாம்பர்க், அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாகவும் மிகப் பெரிய துறைமுகமாகவும் இருந்தும் பலருடைய பட்டியலில் இடம்பெறுவதில்லை. முதன்முறையாக ஐரோப்பாவுக்குப் போகிறவருக்கு, குறிப்பாகத் தனியாகப் போகிறவருக்கு, பெர்லினை விட ஹாம்பர்க்கையே நான் பரிந்துரைப்பேன். இங்கே தன்பாலீர்ப்பாளர்களின் பொது வாழ்க்கை பெரும்பாலும் இரண்டே பகுதிகளில் குவிந்திருக்கிறது. தலைமை இரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் தொடங்கும் சாங்க்ட் கேயோர்க் ஒன்று. மேற்கே, துறைமுகத்துக்கு மேலே இருக்கும் சாங்க்ட் பவுலி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே நகர இரயிலில் நான்கே நிறுத்தங்கள். எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால், மொழி தெரியாதவரும் தடுமாறாமல் இந்நகரத்தின் இரவை அனுபவிக்க முடியும்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஹாம்பர்க்கின் சுயமரியாதைத் திருவிழா (பிரைடு), ஜெர்மானியர் சுருக்கமாக 'சி.எஸ்.டி.' என்று அழைக்கும் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் டே, வழக்கமாக ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் நடைபெறும். விவாத அரங்குகள், நிகழ்ச்சிகள், விருந்துகள் என்று நீளும் அந்த நாட்களின் உச்சம் சனிக்கிழமைப் பேரணி. அதையொட்டி நகர மையத்தில் உள் ஆல்ஸ்டர் ஏரியின் கரையில் தெருவிழாவும் நடக்கும். அந்த வாரத்தில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுவதால் அறை வாடகை வெகுவாக உயர்கிறது. சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாதவர் நகரத்தின் ஓரத்தில்தான் தங்க நேரும்.

கூட்டத்தை விரும்பாதவருக்கு அக்டோபர் நல்ல மாதம். நகரத்தின் பால்புதுமையர் (குயர்) திரைப்பட விழா வழக்கமாக அப்போதுதான் நடக்கிறது, திரையரங்க வாசலில் உள்ளூர்க்காரர்களோடு இயல்பாகப் பேச்சுத் தொடங்கவும் முடிகிறது. நவம்பர் இறுதியிலிருந்து சாங்க்ட் கேயோர்க்கில் 'விண்டர் பிரைடு' என்ற கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிறது. மசாலா சேர்த்துச் சூடாக்கிய சிவப்பு ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு குளிரில் நிற்பது ஜெர்மானியரின் பெரிய சமூகப் பழக்கங்களுள் ஒன்று. புதியவரிடம் அவர்கள் எளிதில் பேசிப் பழகும் இடமும் அதுதான். கோப்பைக்கு வாங்கும் முன்பணத்தை, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது மறக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

படி 2: விசா, காப்பீடு, மருந்து

இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும், கோடைக்காலத்தில் அந்தக் குறைந்தபட்ச அவகாசத்தை நம்புவது அறிவுடைமை ஆகாது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதினால் போதும். பாலீர்ப்பை அங்கே யாரும் கேட்பதில்லை, நீங்களாகச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை விசா இன்றித் தங்கலாம்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையான பிரெப் எடுத்துக்கொள்பவர், பயண நாட்களுக்குப் போதுமான அளவை மருத்துவர் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். ஜெர்மனியில் அதன் செலவை ஏற்பது அந்நாட்டுக் காப்பீடு பெற்றவர்களுக்குத்தான். ஹெப்படைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகளைப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. குரங்கம்மைத் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 3: தங்குமிடம்

சாங்க்ட் கேயோர்க்கில் தங்குங்கள் என்பதே என் அறிவுரை. விமான நிலையத்திலிருந்து எஸ்1 இரயில் ஏறத்தாழ 25 நிமிடங்களில் தலைமை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே அறைக்குப் போய்விடலாம். நள்ளிரவு கடந்து திரும்பும்போதும் அந்த அண்மை கைகொடுக்கும். அறையைப் பதிவு செய்யுமுன் தெருவைக் கவனியுங்கள்: லாங்கே ரையே என்ற தெருவும் அதற்கு வடக்கே ஆல்ஸ்டர் ஏரியை நோக்கிச் செல்லும் குறுக்குத் தெருக்களும் அமைதியானவை. ஷ்டைன்டாம் பக்கம் மலிவான விடுதிகள் அதிகம்; துருக்கிய, ஆப்கானிய உணவகங்கள் நிறைந்த, நள்ளிரவிலும் நடமாட்டம் ஓயாத சாலை அது. ஆனால் நிலையத்தின் அந்தப் பக்கத்தில் போதைப்பழக்கத்தில் சிக்கியவர்கள் கூடி நிற்பதைப் பார்க்க நேரும். அவர்கள் பொதுவாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை. எனினும் முதல் இரவிலேயே அந்தக் காட்சியை எதிர்கொள்ள விரும்பாதவர் வடக்குப் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டு ஆண்கள் ஒரே கட்டில் உள்ள அறையைக் கேட்பதில் இங்கே எந்தச் சங்கடமும் இல்லை. வரவேற்பு மேசையில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பாலீர்ப்பைக் காரணம் காட்டி அறை மறுப்பதை ஜெர்மனியின் சமநடத்தைச் சட்டம் தடை செய்கிறது.

படி 4: பகலில் தொடங்குதல்

இரவு வாழ்வுக்கான வழிகாட்டியில் பகலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. வந்து சேர்ந்த அன்றே இருட்டிய பிறகு முன்பின் தெரியாத மதுக்கூடத்துக்குள் நுழைகிறவர் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பகலிலேயே தெருவை நடந்து பார்த்து, இரண்டு மூன்று வாசல்களை அடையாளம் கண்டுகொண்டவருக்கு மாலையில் அதே தெரு பழகிய இடமாகிவிடும்.

லாங்கே ரையேயின் தொடக்கத்திலிருந்து மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். வானவில் கொடிகள் ஆங்காங்கே தொங்கும். பாதசாரிகளுக்கான சைகை விளக்கில் ஒரே பாலினத்து இணைகளின் உருவம் ஒளிர்வதையும் இத்தெருவில் பார்க்கலாம். க்னோசா என்ற கேக் கடையும் காப்பிக்கடையும் சேர்ந்த இடம், நீண்ட காலமாகத் தன்பாலீர்ப்பாளர்கள் பகலில் அச்சமின்றிக் கூடி அமர்ந்த இடமாக அறியப்பட்டது. பிற்பகலில் காப்பியும் கேக்கும் சாப்பிடும் ஜெர்மானியப் பழக்கத்தை அங்கே கற்றுக்கொள்ளலாம். எய்ட்ஸ் உதவி அமைப்பின் அலுவலகமும் இதே தெருவில்தான் இருக்கிறது. சாங்க்ட் கேயோர்க் தேவாலயம் பல்லாண்டுகளாக எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் அவர்களை இழந்தவர்களுக்கும் தனி ஊழியம் நடத்திவருகிறது. மத்திய காலத்தில் நகர மதிலுக்கு வெளியே தொழுநோயாளிகளுக்கான மருத்துவ இல்லமாகத் தொடங்கிய இந்தப் பகுதி, நகரம் ஒதுக்கிய மக்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இடம் கொடுத்திருக்கிறது. இப்போது வாடகை ஏறி, பழைய கடைகள் பலவும் மறைந்து வருவதை இங்கே வாழ்கிறவர்கள் வருத்தத்தோடு சொல்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

அடுத்து, புல்வர்டைக் தெருவில் இருக்கும் 'ஹைன் உண்ட் ஃபீட்டே' என்ற தகவல் நிலையத்துக்குக் கட்டாயம் போங்கள். தன்பாலீர்ப்பு ஆண்களுக்காகவே நடத்தப்படும் இந்த இடத்தில் நகர வரைபடம், ஆணுறை, அன்றைய நிகழ்ச்சிகள் பற்றிய தகவல் எல்லாம் கிடைக்கும். குறிப்பிட்ட நேரங்களில் எச்.ஐ.வி., பிற பால்வினை நோய்களுக்கான பரிசோதனையும் பெயர் கேட்காமல் செய்யப்படுகிறது. மதுக்கூடங்கள் கைமாறுவதும் மூடப்படுவதும் இந்நகரத்தில் அடிக்கடி நிகழ்வது. எது திறந்திருக்கிறது, எந்த மன்றத்தில் இந்த வாரம் ஆண்களுக்கான நடன இரவு என்பதை இங்கே கேட்பதே மிக நம்பகமான வழி. நிகழ்ச்சிகள் பற்றிய இலவச இதழ் ஏதேனும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் தேதியும் இடமும் நேரமும் புரியும்.

இன்னும் அமைதியான சூழலை விரும்புகிறவர் வின்டர்ஹூடே பகுதியில் உள்ள மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் சென்ட்ரும் என்ற சமூக மையத்துக்குப் போகலாம். மது அருந்தாதவர்களும், ஆலோசனை தேடுகிறவர்களும், வயதானவர்களும் இளைஞர்களும் அங்கே தனித்தனிக் குழுக்களாகச் சந்திக்கிறார்கள்.

படி 5: மாலையில் லாங்கே ரையே

வாரநாட்களில் மாலை ஆறு மணியிலிருந்தே இத்தெருவில் ஆட்கள் சேரத் தொடங்குவார்கள். வெள்ளி, சனி இரவுகளில் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் உண்மையான கூட்டம். ஃப்ராவ் ம்யொல்லர் எல்லாரும் வரும் பழைய பாணிச் சாப்பாட்டு மதுக்கூடம். வயிற்றை நிரப்பிக்கொள்ள ஏற்ற இடம். ஜெனரேஷன் பார் இளைஞர்கள் மிகுந்த, இசை சத்தமான இடமாகப் பெயர் பெற்றது. மர வேலைப்பாடு கொண்ட எம் அண்ட் வி, வயதில் மூத்தவர்கள் நின்று பேசும் இடம். தனியாக வருகிறவரிடம் முதலில் பேச்சுக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய இடங்களின் முதியவர்கள்தாம் என்பதால், கூச்சமுள்ளவருக்கு இளைஞர் கூட்டத்தை விட இதையே நான் முதலில் சொல்வேன்.

பழக்கவழக்கங்கள் சில. மேசையில் அமர்வதை விட மதுமேடை அருகே நிற்பதே பேச விரும்புவதன் அறிகுறி. வட ஜெர்மானியர் முதலில் இறுக்கமாகத் தோன்றுவார்கள். காலையோ இரவோ எந்த நேரமானாலும் இங்கே சொல்லப்படும் 'மொயின்' என்ற வணக்கத்தைச் சொல்லிச் சிரித்தால் முகம் இளகும். பல இடங்களில் அட்டை ஏற்கப்படுவதில்லை, ஆகவே சில்லறையாக யூரோ வைத்திருங்கள். பில் தொகையில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டைச் சேர்த்து மொத்தத் தொகையை வாயால் சொல்லிக் கொடுப்பது முறை. உணவு பரிமாறாத சிறிய மதுக்கூடங்களில் புகைக்க அனுமதி உண்டு. புகை ஒவ்வாதவர் வாசலிலேயே அதைக் கவனித்துவிட வேண்டும்.

படி 6: நள்ளிரவுக்கு மேல் சாங்க்ட் பவுலி

தலைமை நிலையத்திலிருந்து எஸ்1 அல்லது எஸ்3 இரயிலில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் ரேப்பர்பான் நிலையம். வெள்ளி, சனி இரவுகளில் நகர இரயில்கள் இரவு முழுவதும் ஓடுகின்றன. பிற இரவுகளில் இரவுப் பேருந்தை நம்ப வேண்டும்.

ரேப்பர்பான் உலகப் புகழ் பெற்ற கேளிக்கைச் சாலை. அதில் பெரும்பகுதி எதிர்ப்பாலீர்ப்பு ஆண்களையும் சுற்றுலாக் கூட்டத்தையும் குறிவைத்தது என்பதால், எங்கே திரும்புவது என்று தெரியாதவர் ஏமாற்றத்தோடு திரும்பக்கூடும். தேடிப் போக வேண்டியது பக்கத் தெருக்களை. டால்ஷ்ட்ராஸேயில் உள்ள வுண்டர்பார் பல்லாண்டுகளாக நடன விருப்பமுள்ள ஆண்களின் இடம். சிவப்பு விளக்கும் நெரிசலுமாக விடியும் வரை நீளும். க்ரோஸே ஃப்ரைஹைட் தெருவில், பெண் வேடமிட்டு மேடையேறும் டிராக் கலைஞராக ஜெர்மனி முழுவதும் அறியப்பட்ட ஒலிவியா ஜோன்ஸ் தம் பெயரில் மதுக்கூடம் நடத்துகிறார். அவருடைய குழுவினர் இப்பகுதியைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணங்களும் உண்டு. அங்கே எல்லா வகை மக்களும் வருவதால், தன்பாலீர்ப்பு அல்லாத நண்பர்களோடு பயணம் செய்கிறவருக்கு அது பொருத்தமான தொடக்கம்.

ஷ்பீல்பூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஷ்மிட் தியேட்டரின் முன் சற்று நிற்க வேண்டும். 1988-இல் இதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் கோர்னி லிட்மன். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், ஹாம்பர்க் காவல்துறை பொதுக் கழிப்பறைகளில் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிகளைப் பதித்து, அவற்றின் பின்னால் மறைந்திருந்து ஆண்களை வேவு பார்த்துவந்தது. 1980 கோடையில் பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க லிட்மன் அத்தகைய கண்ணாடி ஒன்றைச் சுத்தியலால் உடைத்தார். அது பெரும் பரபரப்பை உண்டாக்கி, கண்காணிப்புக்கு முடிவு கட்டியது. அதே ஆண்டில்தான் நகரத்தின் முதல் சுயமரியாதை ஊர்வலமும் நடந்தது; அதில் கலந்துகொண்டவர்களைக் காவலர்கள் படம் பிடித்ததால் மோதல் மூண்டது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய, ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு 1969-இலும் 1973-இலும் தளர்த்தப்பட்டு, 1994-இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. ஹாம்பர்க் 1999-இலேயே ஒரே பாலின இணைகளைப் பதிவு செய்யத் தொடங்கியது; அதற்குச் சட்ட உரிமைகள் ஏதும் இல்லாவிட்டாலும், நாடு தழுவிய இணைவாழ்வுச் சட்டம் வந்த 2001-க்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது அது. திருமணம் 2017 அக்டோபரில் சாத்தியமாயிற்று. லிட்மன் பின்னாளில் சாங்க்ட் பவுலி கால்பந்துக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஓர் ஐரோப்பியத் தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தை வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவர் வழிநடத்தியது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்பதை நினைத்துப் பார்த்தால், இப்பகுதியின் மக்கள் மீது மதிப்புக் கூடும்.

படி 7: ஆண்களுக்கு மட்டுமான இடங்கள்

நகரத்தில் ஆண்களுக்கு மட்டுமான நீராவிக் குளியலகங்களும் பாலுறவுக்கான இருட்டறை உள்ள மதுக்கூடங்களும் சட்டப்படி இயங்குகின்றன. வயது வரம்பு பதினெட்டு. சில இரவுகளில் தோல், விளையாட்டு உடை என்று ஆடைக் கட்டுப்பாடு இருக்கும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே கைப்பேசி கூடாது என்பது பொதுவான விதி. பார்வை, தலையசைப்பு, மெல்லக் கையை விலக்குதல் ஆகியவையே அங்கே பேச்சு. விலக்கிய கையை மீண்டும் நீட்டுகிறவர் வெளியேற்றப்படுவார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது தங்கள் நாட்டில் இத்தகைய இடங்களையே அறியாத பயணிகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

திரவ வடிவில் வரும் ஜி.எச்.பி. போன்ற போதைப்பொருள்களை மதுவோடு கலந்தால் மூச்சே நின்றுபோகக்கூடும். உங்கள் கோப்பையைக் கண்ணில் படாத இடத்தில் வைக்காதீர்கள். ஒருவர் எழுப்பியும் எழாமல் கிடந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து உடனே 112-ஐ அழையுங்கள். பாலுறவில் எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று அஞ்சினால், அதற்குப் பின் எடுத்துக்கொள்ளும் தடுப்பு மருந்து இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். இரவு நேரத்தில் எப்பெண்டோர்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவை அணுகலாம்.

படி 8: பாதுகாப்பும் அந்தரங்கமும்

லாங்கே ரையேயில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரேப்பர்பானில் வார இறுதி நள்ளிரவில், குடித்த இளைஞர் கூட்டத்துக்கு நடுவே, அதே துணிவு எப்போதும் பொருந்தாது. வெறுப்புத் தாக்குதல்கள் இந்நகரத்திலும் நிகழ்வதுண்டு. அங்கே வார இறுதி இரவுகளில் கண்ணாடிப் புட்டி எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. கத்தி போன்ற ஆயுதங்களுக்கு எப்போதும் தடை. சாலையிலேயே டாவிட்வாஹே காவல் நிலையம் இருக்கிறது. ஹாம்பர்க் காவல்துறையில் பால்புதுமையருக்கான தொடர்பு அலுவலர்களும் உண்டு; புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். அவசரத்துக்கு 110.

செயலி வழியாக அறிமுகமானவரை முதலில் ஒரு மதுக்கூடத்தில் சந்தியுங்கள். கடவுச்சீட்டை அறையின் பெட்டகத்தில் வைத்துவிட்டு அதன் நகலை எடுத்துச் செல்லுங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தன்பாலுறவு குற்றமில்லை. இலங்கையில் தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. எந்த நாட்டவராயினும், குடும்பத்தாரிடம் இதைச் சொல்லாதவர்கள் நம்மில் பெரும்பாலோர். சுயமரியாதைப் பேரணியில் எல்லாப் பக்கமும் புகைப்படக் கருவிகள் இருக்கும். அந்தப் படங்கள் மறுநாள் செய்தித்தாளில் வெளிவரலாம். தயக்கம் உள்ளவர் ஊர்வலத்தின் நடுவே நடக்காமல் ஓரத்தில் நின்று கைதட்டலாம், கறுப்புக் கண்ணாடி அணியலாம். புதிய நண்பர்கள் எடுக்கும் படங்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது இங்கே முழுமையாக மதிக்கப்படும். அப்படி மறைத்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை; உங்கள் வாழ்க்கையை எப்போது யாரிடம் திறந்து காட்டுவது என்பது உங்கள் முடிவு.

படி 9: ஞாயிறு, பிறகு புறப்பாடு

சனிக்கிழமை இரவு ஞாயிறு காலையில்தான் முடிகிறது. கோடையில் ஐந்து மணிக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை ஏழு மணிக்கும் எல்பே கரையில் மீன் சந்தை திறந்து ஒன்பதரை வரை நடக்கும். 1703 முதல் நடந்துவரும் இச்சந்தையில், இரவு முழுவதும் ஆடிவிட்டு வந்தவர்களும் அப்போதுதான் கண்விழித்த குடும்பங்களும் ஒன்றாக நின்று மீன் வைத்த ரொட்டி தின்பார்கள். ஏலக்கூடத்துக்குள் இசைக்குழு வாசிக்கும். ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும் என்பதால், தேவையானவற்றை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். களைத்தவர் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையிலிருந்து 62-ஆம் எண் படகில் ஏறினால், சாதாரணப் போக்குவரத்துச் சீட்டிலேயே துறைமுகத்தைச் சுற்றிவரலாம்; தனிப் பணம் கொடுத்துச் சுற்றுலாப் படகு தேட வேண்டியதில்லை.

கூடுதலாக அரை நாள் கிடைத்தால் நொய்யன்காமே வதைமுகாம் நினைவிடத்துக்குப் போய்வாருங்கள். நகர இரயிலில் பெர்கெடோர்ஃப் வரை சென்று அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு 1985-இல் அங்கே நினைவுக்கல் வைக்கப்பட்டது. முகாமுக்குப் போக நேரம் இல்லாதவர், சாங்க்ட் கேயோர்க்கின் நடைபாதைகளில் பதிக்கப்பட்டிருக்கும் சிறிய பித்தளைக் கற்களில் நாஜிகளுக்குப் பலியானவர்களின் பெயர்களைக் குனிந்து வாசிக்கலாம். அவற்றில் சில 175-ஆம் பிரிவின்கீழ்ப் பிடிக்கப்பட்டு உயிரிழந்த ஆண்களுடையவை.

விமான நிலையத்துக்கு மீண்டும் எஸ்1 இரயில்தான். ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் அந்த இரயில் இரண்டாகப் பிரிகிறது: முன்பகுதி மட்டும் விமான நிலையத்துக்குப் போகும், பின்பகுதி போப்பன்பியூட்டல் நோக்கித் திரும்பிவிடும். ஆகவே தலைமை நிலையத்திலேயே முன்பெட்டிகளில் ஏறிக்கொள்ளுங்கள். தவறிப் பின்னால் ஏறியிருந்தால் ஓல்ஸ்டோர்ஃபில் இறங்கி முன்னால் ஓடிப்போய் ஏறச் சில நிமிடங்கள் கிடைக்கும்.